தாயக்கட்டையில் ஒரு சாவி!

ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் நினைச்சுக்குங்க. யோசிக்கக் கூடாது... டக்குனு!

ஏழுதானே? இல்லேன்னா மூணு. காலேஜ் கேன்டீன்ல உட்கார்ந்து வர்றவங்க போறவங்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஏழு, ஏழுன்னே வந்து விழுந்தது. பத்தை யாரும் தொடல, ஓரத்துல இருக்காம்! ஒருத்தன் மட்டும் ‘ரெண்டேகால்’னான் (மெக்கானிக்கல் பையன், விட்டுடுங்க). விஷயம் என்னன்னா, மனுஷ மூளைக்கு ‘ஏதோ ஒரு நம்பர்’ எடுக்கவே தெரியாது. பிடிச்சது, பழகுனது, பிறந்த தேதின்னு ஏதாவது ஒண்ணு பின்னாடி ஒட்டிக்கிட்டே வரும்.

வந்துட்டுப் போகட்டுமே, இப்ப என்னங்கறீங்களா? சில பேரோட மொத்த சேமிப்பும் அப்படி ஒரு நம்பருக்குப் பின்னாலதான் இருக்கு. எங்க அண்ணனோடது உட்பட!

அண்ணன்னா பெரியப்பா பையன். பள்ளிகொண்டாவுல எங்க வீட்டுக்கு அடுத்த வீடு. ஆம்பூர் ரோட்டுல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். தோலை விரிச்சு, உண்ணிக் கடி எங்கே, தழும்பு எங்கேன்னு கண்ணாலயே அளந்து, டையை வெச்சு அழுத்தறதுதான் வேலை. மூணு வருஷமா சம்பளம் வந்த அன்னிக்குக் கொஞ்சம் கொஞ்சமா பிட்காயின் வாங்கிப் போட்டுட்டு வந்திருக்கார். அண்ணிக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியாது. பாப்பா ப்ளஸ் டூ முடிக்கும்போது எடுக்கணும்னு கணக்கு. (இதைப் படிச்சுட்டு நீங்களும் வாங்கக் கிளம்பாதீங்க. ஏறினா ஏறும், இறங்கினா பாதாளம். 2022 ஏப்ரல்லேருந்து லாபத்துல 30 சதவிகிதம் வரி வேற. ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் விடமாட்டாங்க. நான் வாங்கலை. வாங்க காசும் இல்லை!)

அண்ணனுக்குப் பயம் வந்தது 2024 ஜூலையில. அந்த மாசம் 18-ம் தேதி வாசிர்எக்ஸ்ங்கிற இந்திய எக்ஸ்சேஞ்சுல ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போச்சு. வடகொரிய ஹேக்கர்களோட வேலைன்னு 2025 ஜனவரியில அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூணும் சேர்ந்து அறிக்கையே விட்டாங்க. அண்ணன் போட்டிருந்தது வேற எக்ஸ்சேஞ்சு, அதுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு கேஸைப் படிச்சு ஆடிப்போயிட்டார். வாசிர்எக்ஸ்ல திருடு போனது எத்தீரியம் வகை டோக்கன்கள். கேஸ் போட்டவங்க வெச்சிருந்தது எக்ஸ்ஆர்பி. அதாவது, அவங்க காசு திருடே போகலை. ஆனாலும் எல்லாரோட கணக்கும் முடங்கினதுல அவங்களோடதும் மாட்டிக்கிச்சு. 2025 அக்டோபர்ல நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ‘கிரிப்டோவும் ஒரு சொத்துதான், ஒருத்தருக்காக இன்னொருத்தர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து’ன்னு தீர்ப்பு சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனா அண்ணன் மண்டையில ஏறுனது வேற விஷயம்... ‘அப்ப இத்தனை நாளா என் காசு என் கையில இல்லையா?’

இல்லைதான். எக்ஸ்சேஞ்சுல இருக்கிற வரைக்கும் சாவி அவங்க கையில.

செமஸ்டர் லீவுக்கு வந்த முதல் நாளே பிடிச்சுக்கிட்டார். “டேய் தம்பி, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிற? எனக்குன்னு சொந்தமா ஒரு சாவி போட்டுக் குடு.”

அந்த ‘சாவி’ங்கறது என்ன தெரியுமா? வெறும் நம்பர். ஒண்ணுலேருந்து கிட்டத்தட்ட 78 இலக்கம் வரைக்கும் போற ஏதோ ஒரு நம்பர். அதை ஒரு வளைவுக் கணக்குல போட்டா பொதுச் சாவி வரும், அதுலேருந்து முகவரி வரும். முன்னாலேருந்து பின்னால போறது ஈஸி, பின்னாலேருந்து முன்னால வரவே முடியாது. நம்பர் யார்கிட்ட இருக்கோ, காசு அவங்களுது. ‘பாஸ்வேர்ட் மறந்துட்டீங்களா?’ பட்டன் கிடையாது. பள்ளிகொண்டா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிராஞ்சு கிடையாது. ‘மேனேஜர் சார்’னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்க ஒரு மேனேஜரும் கிடையாது.

அண்ணன்கிட்ட ஏற்கெனவே ஐடியா இருந்தது. வண்டி நம்பர், பாப்பா பிறந்த தேதி, நடுவுல குலதெய்வம் பேரு. “யார்றா கண்டுபிடிப்பான்?” கண்டுபிடிப்பாங்க. ஒரு வாக்கியத்தை நினைச்சு, அதை எஸ்ஹெச்ஏ-256-ங்கிற கணக்குல அரைச்சு சாவியாக்குற பழக்கம் ஒரு காலத்துல இருந்தது. பாட்டு வரி, பைபிள் வசனம், சினிமா டயலாக்னு எதையெல்லாம் மனுஷன் நினைப்பானோ, அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடவிட்டு அள்ளிட்டுப் போனாங்க. இது எவ்வளவு சுலபம்னு 2015 டெஃப்கான் மாநாட்டுல ரயன் காஸ்டெலூச்சிங்கிற ஆராய்ச்சியாளர் புரோகிராமே எழுதிக் காட்டினார். திருக்குறள் மொத்தமே 1,330. ஒரு கம்ப்யூட்டருக்கு அது ஒரு நொடிக்குக்கூடத் தாங்காது!

சரி, கம்ப்யூட்டரையே ஒரு நம்பர் எடுக்கச் சொல்லலாமே? சொல்லலாம். பெரும்பாலும் ஒழுங்காத்தான் எடுக்கும். சொதப்பினா சத்தமே இல்லாம சொதப்பும், அதான் பிரச்னை. 2013 ஆகஸ்ட்ல ஆண்ட்ராய்டு போன்ல நம்பர் எடுக்கிற பகுதியிலேயே ஓட்டைன்னு தெரிஞ்சது, பிட்காயின் வாலட்டுகள்ல காசு போச்சு. அதைவிட மோசம், 2023-ல வெளியான ‘மில்க் சாட்’ விவகாரம். லிப்பிட்காயின்னு ஒரு புரோகிராம். பார்த்தா 256 பிட் சாவி கொடுக்குற மாதிரி இருக்கும். உள்ளே 32 பிட் விதையிலேருந்துதான் மொத்தத்தையும் முளைக்க வெச்சிருக்கு. 32 பிட்னா 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் சாவிகள், அவ்வளவுதான். பெருசா தெரியுதா? நொடிக்குப் பத்து லட்சம் சாவி போட்டுப் பார்த்தா, ஒரு சினிமாவுக்கு இடைவேளை விடறதுக்குள்ள மொத்தமும் முடிஞ்சுடும். அந்த ஜூலையிலேயே ஒன்பது லட்சம் டாலர் வரைக்கும் காலி. புரோகிராமோட கடிகாரத்தைப் பூஜ்யத்துல வெச்சா வர்ற சொற்கள் ‘மில்க்’, ‘சாட்’னு ஆரம்பிக்கும், அதான் அந்தப் பேரு. காசைத் தொலைச்சவங்க ஒரு தப்பும் செய்யலை, அதான் கொடுமை.

நல்லா எடுக்குற கம்ப்யூட்டரும் இருக்கு, தூங்குற கம்ப்யூட்டரும் இருக்கு. வெளியிலேருந்து பார்த்து எது எதுன்னு சொல்ல நம்மால முடியாது. ஆனா, பகடை உருளறதைக் கண்ணால பார்க்கலாமே!

ஆறு பக்கப் பகடை ஒரு உருட்டுக்கு 2.58 பிட் தரும். 50 உருட்டுக்கு 129 பிட், 99 உருட்டுக்கு 256-க்குத் தலைமுடி அளவு குறைவு. உலகம் முழுக்க இப்படி உருட்டி சாவி எடுக்குறவங்க இருக்காங்க. சில ஹார்டுவேர் வாலட்டுகள்ல பகடை எண்களை நாமே தட்டுற வசதியும் உண்டு. ஐடியா கிரிப்டோவுக்கு முந்தினது. 1995-லேயே ஆர்னால்டு ரெயின்ஹோல்டுங்கிறவர் ஐந்து பகடை உருட்டி 7,776 சொற்கள்ல ஒண்ணை எடுத்து பாஸ்வேர்டு கோக்குற முறையைப் போட்டார். அதைவெச்சு 2015-ல நியூயார்க்குல ஒரு பதினொரு வயசுப் பொண்ணு, கையால பகடை உருட்டி, பாஸ்வேர்டு எழுதி, 2 டாலருக்கு வித்துக்கிட்டிருந்தா. (நமக்குத் தோணலை பாருங்க!)

“டைஸ் வேணும்ணா”ன்னேன். “எந்த சைஸ் டை? ஏழா, எட்டா?”ன்னார். ஷூ கம்பெனிக்காரர்கிட்ட ‘டைஸ்’னா அப்படித்தான் கேட்பார்!

வீட்டுல இருந்த ஒரே பகடை பாப்பாவோட லூடோ பெட்டியில. இத்துனூண்டு பிளாஸ்டிக், உள்ளே காலி, ஒரு மூலை கடிச்சு வெச்சிருந்தது. அப்பத்தான் ஆயாவோட தாயக்கட்டை ஞாபகத்துக்கு வந்தது. எங்க ஊரு ரங்கநாதர் படுத்துத் தூங்குற ஊரு, பேரே பள்ளிகொண்டாதான். ஆனா வைகுண்ட ஏகாதசி ராத்திரி மட்டும் நாங்க தூங்கக் கூடாது. கண் முழிக்கப் பரமபதம், தாயம்னு ஆடுவோம். அதுக்கு ஆயா வெச்சிருக்கறது பித்தளையில ரெண்டு கட்டை.

கையில எடுத்ததும் எனக்கு ஒரே குஷி. ஏன்னா தாயக்கட்டைக்கு நாலு பக்கம்... வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு பக்கம்னா சரியா 2 பிட்! வெறுமைக்கு 00, ஒண்ணுக்கு 01, ரெண்டுக்கு 10, மூணுக்கு 11. ஆறு பக்கப் பகடையில 2.58-ன்னு தசமத்துல இழுக்குமே, அந்தத் தொல்லையே இல்லை. கம்ப்யூட்டருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு பகடையை நம்ம பாட்டிங்க எல்லாம் சுருக்குப் பைக்குள்ள வெச்சிருந்திருக்காங்க! (கீழடியில தோண்டினப்போ யானைத் தந்தத்துல செஞ்ச பகடையே கிடைச்சது. நமக்கும் உருட்டுறதுக்கும் சொந்தம் ரொம்பப் பழசு.)

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்டத்துல ரெண்டு கட்டையையும் கூட்டிப் படிப்போமே, அப்படிப் படிக்கக் கூடாது. ரெண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமா விழலாம். அதுல கூட்டினா மூணு வர்றது நாலு விதம். ரெண்டும் நாலும் மூணு மூணு விதம். தாயமும் அஞ்சும் ரெண்டு ரெண்டு. ஆறுக்கு ஒண்ணு, ரெண்டுமே வெறுமையா விழற பன்னிரண்டுக்கு ஒண்ணு. அதாவது தாயம் எட்டுல ஒரு தடவை. காய் இறங்காம ஏன் அவ்வளவு நேரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்னு இப்பப் புரியுதா? தனித்தனியா படிச்சா ரெண்டு கட்டைக்கு 4 பிட். கூட்டிப் படிச்சா 2.66 பிட்தான். மூணுல ஒரு பங்கு காத்துல போயிடும்.

அதனால ஒரே கட்டை போதும்னு முடிவாச்சு. எந்தக் கட்டை? ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு ஒரு நாள் முழுக்கப் போட்டோம். 400 தடவை போட்டா, நாலு பக்கமும் நூறை ஒட்டி வரணும். 85-லேருந்து 115 வரைக்கும் கவலை இல்லை. என் கட்டை ஒழுங்கா இருந்தது. அண்ணன் கட்டையில மூணு அளவுக்கு மீறி விழுந்தது. கட்டை விரலை ஓட்டிப் பார்த்தவர், “இந்த முனை தேய்ஞ்சிருக்குடா”ன்னார். தோல்ல தழும்பு பார்க்குற கை ஆச்சே!

பாக்கு இடிச்சுக்கிட்டிருந்த ஆயா தலையைக்கூடத் தூக்கலை. “அந்தக் கட்ட மூணுதான்டா போடும். உங்க தாத்தா அம்மி மேல போட்டு நசுக்கினது. இன்னாத்துக்கு நாள் பூரா கணக்கு? என்ன கேட்டா சொல்ல மாட்டனா?”

வருஷக்கணக்கா வைகுண்ட ஏகாதசிக்கு ஆயா ஜெயிச்சுக்கிட்டே இருந்த ரகசியம் அன்னிக்குத்தான் வெளியே வந்தது! நளன் கதையில வர்ற இருதுபன்ன ராஜா, தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்துல இலையையும் காயையும் எண்ணிச் சொல்லிட்டு, நளனுக்குச் சூதாட்ட ரகசியத்தைக் கத்துக் குடுப்பாரே... எங்க ஆயா அந்த பரம்பரை போல.

எத்தனை தடவை போடணும்? இங்கே சாவியை மனுஷன் எழுதிவைக்க வசதியா சொற்களா மாத்துற முறையைச் சொல்லணும். 2013-ல வந்தது, பிப்-39-னு பேரு. 2,048 சொற்கள் கொண்ட பட்டியல், ஒரு சொல்லுக்கு 11 பிட். 12 சொல்லுன்னா 132, அதுல 128 நம்மது, கடைசி 4 பிட் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க. 24 சொல்லும் எடுக்கலாம். ஆனா பிட்காயினோட வளைவுக் கணக்கின் பலமே 128 பிட் அளவுதாங்கறதால 12 போதும்கிறது என் கட்சி. (பட்டியல் ஆங்கிலம், ஜப்பான், கொரியா, ஸ்பானிஷ், செக் மொழியில எல்லாம் இருக்கு. தமிழ்ல இல்லை. 2,048 சொல்லுக்கா நமக்குப் பஞ்சம்? யாராவது ஃபைனல் இயர் புராஜெக்ட்டா எடுத்துக்குங்கப்பா!)

128 பிட்டுக்கு நல்ல கட்டையை 64 தடவை போட்டா போதும். ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இருந்தா? ஒரு பக்கம் 40 சதவிகிதம் விழற அளவுக்கு மோசமான கட்டைன்னே வெச்சுக்குவோம். அப்பவும் ஒரு தடவைக்குக் குறைஞ்சது 1.32 பிட் உத்தரவாதம். நூறு தடவை போட்டா 132. தாண்டிடுச்சா? எனவே 100 தடவை. அந்த நூறு எண்களையும் அப்படியே எஸ்ஹெச்ஏ-256-ல அரைச்சு, வர்றதுல முதல் 128 பிட்டை எடுத்தா, கோணல் எல்லாம் கரைஞ்சுடும்.

முன்னாடி பாட்டு வரியை அரைச்சவங்க மாட்டினாங்க, நீ மட்டும் அரைக்கலாமான்னு ஒரு ஃப்ரெண்டு மடக்கினான். நல்ல கேள்வி. மிக்ஸியில தப்பு இல்லை, உள்ளே போட்ட மாவுலதான். பாட்டு வரியை யூகிக்க முடியும். நூறு தாயத்தை யூகிக்க முடியாது. நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவி போட்டுப் பார்த்தாலும், பிரபஞ்சத்தோட வயசான 1,380 கோடி வருஷம் அதுக்கு முன்னால ஒரு டீ பிரேக்!

என்னோட பழைய லேப்டாப்புல வை-ஃபை கார்டைக் கழட்டிட்டு, பென் டிரைவ்லேருந்து லினக்ஸ் ஏத்தினேன். சொல் பட்டியலுக்கு மாத்துற ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை முன்கூட்டியே இறக்கி வெச்சாச்சு. சும்மா போட்ட எண்களை இந்த மெஷின்லயும் வேற ஒரு மெஷின்லயும் கொடுத்துப் பார்த்தோம். ரெண்டுலயும் அதே விடை. பகடையில இருக்குற சௌகரியமே இதுதான், கம்ப்யூட்டர் பொய் சொன்னா மாட்டிக்கும்.

எல்லாம் ரெடின்னதும் அண்ணன் பாயை விரிச்சு, “போடு தம்பி”ன்னார்.

நான் போடக் கூடாதுணான்னேன்.

அவருக்குப் புரியலை. முகம் சுருங்கிடுச்சு. “நீ யாரோவா? உன்ன நம்பாமலா கூப்பிட்டேன்?” பெரியம்மாவும், “என்னடா, வேலை ஆவற நேரத்துல பிகு பண்ற?”ன்னாங்க. நம்பிக்கை இல்லாம இல்லை. அந்த நூறு எண்களையோ, பன்னிரண்டு சொல்லையோ நான் ஒரு தடவை பார்த்துட்டா, அதுக்கப்புறம் அந்த சாவிக்கு ரெண்டு சொந்தக்காரங்க. நாளைக்கே அந்தக் காசு காணாமப் போச்சுன்னு வைங்க... யார் எடுத்தாங்கன்னு உலகத்துல யாராலயும் நிரூபிக்க முடியாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு சுவர். அப்புறம் அதுல எத்தனை பேர் தலை முட்டிக்கிறது?

“அப்ப யாரு போடறது?”

“அண்ணி போடட்டும், நீங்க எழுதுங்க.”

அண்ணிதான்னு நான் அடம்பிடிச்சதுக்கு இன்னொரு காரணம் ஜெய்ப்பூர். குவாட்ரிகா சிஎக்ஸ்ங்கிற கனடா எக்ஸ்சேஞ்சை நடத்தின ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பர்ல ஜெய்ப்பூருக்கு வந்த இடத்துல இறந்துபோனார். வயசு 30. ‘சாவி எல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும்’னு கம்பெனி கையை விரிச்சது. வாடிக்கையாளர்கள் பணம் கோடிக்கணக்கான டாலர் அம்போ! அந்தக் கதையிலயும் உள்ளே வேற கதை இருந்தது, ஆள் உயிரோட இருக்கும்போதே பணத்தைக் கரைச்சிருந்தார், இது மோசடின்னு 2020-ல ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் சொல்லிடுச்சு. அது கிடக்கட்டும். சாவி ஒரே தலைக்குள்ள இருந்தா, அந்தத் தலைக்கு ஏதாவது ஆனா காசுக்கும் அதே கதிதான். அண்ணன் தினமும் பைக்குல போறது நேஷனல் ஹைவே 48-ல. கன்டெய்னர் லாரிங்க பறக்குற ரோடு. இதை எப்படிப் பக்குவமா சொல்றதுன்னு நான் யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே அண்ணி சொல்லிட்டாங்க. “தம்பி சொல்றது சரிதாங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் பாப்பாவும் யார்கிட்ட போய் கேக்கறது?”

செய்ய வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதினேன். குப்பை எண்களை வெச்சு மூணு தடவை ரெண்டு பேரையும் செஞ்சு பார்க்க வெச்சேன். போன் எல்லாம் அடுத்த ரூமுக்குப் போச்சு. ஒரு போட்டோ எடுத்தா போதும், தானா நெட்டுல ஏறிடும். எண்கள் எழுதின தாளை அடுப்புல போடணும், வீசி எறியக் கூடாது. சொற்களைப் பேப்பர்ல மட்டும் வெச்சாப் பத்தாது. 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு ஓடினப்போ எத்தனை வீட்டுல பத்திரம், பாஸ்புக் எல்லாம் ஊறிப்போச்சுன்னு பார்த்தவங்க நாங்க. அதுக்கு அண்ணனே வழி வெச்சிருந்தார். எவர்சில்வர் தகடு ரெண்டு, லெட்டர் பஞ்ச் ஒரு செட். ஆங்கிலப் பட்டியல்ல முதல் நாலு எழுத்தைவெச்சே எந்தச் சொல்லுன்னு சொல்லிடலாம். அதனால 48 எழுத்து அடிச்சா வேலை முடிஞ்சது. ஒரு தகடு இங்கே, இன்னொண்ணு எங்கேன்னு எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

கதவைச் சாத்திட்டாங்க. நான் திண்ணையில. உள்ளே பித்தளைக் கட்டை உருள்ற சத்தம், அண்ணி நம்பர் சொல்ற சத்தம் வெளியே கேட்டது. உடனே எழுந்து தெருக்கோடிக்குப் போயிட்டேன். போற வழியில, ‘வாயால சொல்லாதீங்க, காட்டுங்க!’ன்னு கத்தினேன். முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. பேப்பர்ல நான் எழுத விட்டது அது ஒண்ணுதான். நீங்க செஞ்சா அதையும் சேர்த்து எழுதிக்குங்க.

முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் டொக் டொக்னு பஞ்ச் அடிக்கிற சத்தம். மறுநாள் புதுசா வாங்கின ஹார்டுவேர் வாலட்டுல அந்த சொற்களை அவங்களே ஏத்தி, முதல்ல ஐந்நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் அனுப்பினாங்க. வந்தது. உடனே வாலட்டை மொத்தமா அழிச்சுட்டு, தகட்டைப் பார்த்து அண்ணி திரும்ப ஏத்தினாங்க. ஐந்நூறும் அப்படியே இருந்தது. அதுக்கப்புறம்தான் மீதி.

அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. கம்பெனி வேன் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் அந்த ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

ஆயாதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்துச்சு. “வேல முடிஞ்சா கட்டையக் கொண்டாந்து குடுங்கடா. ரெண்டும் வேணும். முக்கியமா அந்த மூணு போடறது!”